நடுவில் வந்து நிற்கும் ஹேண்டில்

இந்த உலகம் இன்னும் கவிழ்ந்துவிடாமல் சுற்றிக்கொண்டிருப்பதற்குக் காரணம், இடமும் சாயாமல் வலமும் சாயாமல் நட்டநடுவே நிற்கிற ஒரு சில மனிதர்கள்தான். அப்படிப்பட்டவர்கள் கைபட்ட பொருளும் நாளடைவில் நேராகிவிடும். உயிரில்லாத இரும்புக்குக்கூட அவர்களுடைய குணம் ஒட்டிக்கொள்ளும்.

இதைச் சொன்னவர் எடையளவு ஆய்வாளர். சொன்ன இடம் மெக்கானிக் ஷெட்டின் வாசல். இதற்கு அத்தாட்சியாக அவர் காட்டியது தன்னுடைய பதினேழு வருட மோட்டார் சைக்கிளை. அதன் ஹேண்டிலை எந்தப் பக்கம் லேசாகத் தட்டிவிட்டாலும் அது நடுவுக்கே திரும்பி வந்து 'டக்' என்று உட்கார்ந்துகொள்ளும். அப்படி உட்கார்ந்ததற்குக் காரணம், ஹேண்டிலைத் தாங்கும் கழுத்துக்குள் இருந்த கோன்செட் கிரீஸ் இல்லாமல் காய்ந்து, குழிவிழுந்து, நாசமாகிப் போயிருந்ததுதான்.

ஆய்வாளர் ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியிருந்தது. வேலையில் இருந்தபோது கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்தவர். மேஜைமேல் தராசை வைத்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். நிற்காவிட்டால் நிமிர்ந்து கடைக்காரரைப் பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்கே கடைத்தெரு நடுங்கியது என்பது அவர் கட்சி. "அடுத்து பேச ஆரம்பிச்சிடுவாரேன்னுதான் நடுங்கினாங்க" என்பது அவர் மனைவியின் கட்சி. முள்ளு சார் என்று அவருக்கு ஒரு பேர் இருந்தது. தராசு முள்ளை வைத்துத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார்.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியிலிருந்து தபால் நிலையம் வரைக்கும் ஒரு சுற்று போவார். அந்தத் தெரு கோடு கிழித்ததுபோல் இருக்கும். பாதித் தெருவில் இரண்டு கைகளையும் ஹேண்டிலிலிருந்து எடுத்து மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொள்வார். வண்டி அசையாமல் போகும். வாசலில் நிற்கிறவர்கள் பார்த்தார்களா என்று கடைக்கண்ணால் பார்ப்பார்.

"நான் கண்ண மூடிக்குவேன்" என்று மனைவி ஒருமுறை மெக்கானிக்கிடம் சொன்னாள். "பாக்காத வரைக்கும் ஒண்ணும் தெரியாது. ஆனா முன் பிரேக்க புடிச்சா மட்டும் எங்கயோ 'லொட்டு'னு ஒரு சத்தம் வருது தம்பி. கண்ண மூடினாலும் அது கேக்குது. என்னன்னு கொஞ்சம் பாருங்க."

ஆய்வாளருக்கு அப்படி எந்தச் சத்தமும் கேட்டதில்லை.

மெக்கானிக் நாற்பதைத் தாண்டியவன். தகரக் கூரை போட்ட ஷெட். இந்தப் பக்கம் மூடிக்கிடந்த அச்சகம், அந்தப் பக்கம் லேத் பட்டறை. லேத்காரர் அவன் மனைவிக்கு அண்ணன். இரண்டு இடத்துக்கும் நடுவில் அரைச்சுவர்தான் என்பதால் அவன் பேசுகிற எதுவும் அவனுக்குச் சொந்தமில்லை. மறுபக்கத்திலிருந்து மச்சான் பதில் சொல்லிவிடுவார். ஷெட்டின் சுவரில், ஸ்பேனர் மாட்டிய பலகைக்கு மேலே, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சான்றிதழ் தொங்கியது. 'இப்பட்டறையின் பணி நேரியது எனச் சான்றளிக்கப்படுகிறது.' கீழே வட்ட முத்திரை. 'எடையளவு ஆய்வாளர்' என்பது பெரிய எழுத்திலும், 'ஓய்வு' என்பது எறும்பு எழுத்திலும் இருக்கும். அப்படி ஒன்று வேண்டும் என்று மெக்கானிக் கேட்டதில்லை. ஒரு நாள் ஆய்வாளரே ஆணியும் சுத்தியலுமாக வந்து மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

மெக்கானிக் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, என்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து, முன் சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்தினான். ஹேண்டிலை ஒரு விரலால் தள்ளினான். நல்ல வண்டியானால் அது தன் பாரத்திலேயே ஓரமாகப் போய்ச் சாய வேண்டும். இது கொஞ்சம் நகர்ந்தது, யோசித்தது, திரும்ப நடுவில் போய் உட்கார்ந்தது. சக்கரத்துக்கு முன்னால் குந்தி, ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினான். லொட்டு, லொட்டு.

"சார், கோன்செட் போயிருச்சு."

"எங்க போச்சு?"

"முடிஞ்சிருச்சுன்னு சொல்றேன். மேல ஒரு கப், கீழ ஒரு கப், நடுவுல பால்ஸ், இரும்புக் குண்டு, ஓடும். ஒரே எடத்துல அடிவாங்கி அடிவாங்கி கப்புல குழி விழுந்திருக்கு. பால்ஸ் அந்தக் குழியில போய் உக்காந்துக்குது. அதான் ஹேண்டில் நடுவுல நிக்குது."

ஆய்வாளர் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, பதினேழு வருஷம் நான் நேரா ஓட்டியிருக்கேன். அந்தப் பழக்கம் அதுக்கு வந்திருக்கு. நீ அதைக் குழிங்கிற. நான் அதை ஒழுக்கம்ங்கிறேன்."

அரைச்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "ஒழுக்கத்துக்குக் கிரீஸ் வெக்கணுமா வேணாமான்னு கேளு மாப்ள!"

உண்மையில் இருவர் சொன்னதும் ஒன்றுதான். நேராகவே போய், நேராகவே மேடுபள்ளத்தில் விழுந்ததால்தான் குழிகள் நடுவில் விழுந்திருந்தன. இப்படியும் அப்படியும் வளைந்து போகிறவனுடைய கப் எல்லாப் பக்கமும் சமமாகத் தேயும். ஆனால் இதைச் சொன்னால் அதற்கும் ஒரு சான்றிதழ் வந்துவிடும் என்று மெக்கானிக் பேசாமல் வேலையில் இறங்கினான்.

டேங்கைக் கழற்றினான். ஹேண்டிலை ஒயர்களோடு அப்படியே மடித்து, கந்தல் துணி போட்டுத் தொங்கவிட்டான். முன் சக்கரம், ஃபோர்க், கடைசியாகத் தண்டு. தண்டை இறக்கும்போது கீழே ஒரு தட்டு வைக்காவிட்டால் குண்டுகள் நாலு திசைக்கும் ஓடிவிடும். இவை ஓடவில்லை. பழைய கிரீஸ் கருப்பு மெழுகாக இறுகி அவற்றைப் பிடித்துவைத்திருந்தது. கீழ்க் கப்பில் துருவும் இருந்தது. துடைத்துவிட்டு வெளிச்சத்தில் காட்டினான். வளையம் முழுக்க, மாவில் விரல்நுனியால் வரிசையாக அழுத்தியதுபோல் பள்ளங்கள்.

"பாருங்க சார்."

ஆய்வாளர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "எல்லாம் சம தூரத்துல இருக்கு" என்றார் திருப்தியோடு.

பழைய கப்புகளைத் தட்டி எடுத்து, டப்பாவில் போட்டான். புதியவற்றை மச்சான் வந்து, ஒரு பக்கமும் கோணாமல் அடித்து இறக்கினார். கிரீஸை ஆள்காட்டி விரலால் வழித்துக் கப் முழுக்க அப்பி, அதில் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்தான். மேலே பதினெட்டு, கீழே பதினெட்டு. தண்டை ஏற்றி, நட்டை இறுக்கி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலு தடவை திருப்பிவிட்டு, நட்டைக் கால் திருகுக்கும் குறைவாகத் தளர்த்தினான். இறுகினால் வண்டி குடிகாரனாகிவிடும், தளர்ந்தால் லொட்டுச் சத்தம் வரும். நடுவில் ஒரு நூலிழை இடம், அது கைக்குத்தான் தெரியும். சக்கரம் அந்தரத்தில் இருக்க, ஹேண்டிலை ஒரு விரலால் தொட்டான். எண்ணெயில் போவதுபோல் போய் ஓரத்தில் சாய்ந்தது.

அவனுக்கே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் இருபது நிமிடம் நீடித்தது.

இருபதாவது நிமிடம், வண்டியை எடுத்துக்கொண்டு போன ஆய்வாளர் திரும்பி வந்தார். வண்டியின் இடது பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியது.

"கெடுத்துட்ட" என்றார்.

"என்ன சார் ஆச்சு?"

"வண்டி இடது பக்கம் போகுது. நான் கையை எடுத்தேன். நேரா எதிர்த்த வீட்டு கேட்டுக்குப் போய் நின்னுது. பதினேழு வருஷத்துல ஒரு நாள் இப்படிப் போனதில்ல."

மெக்கானிக் நட்டை மறுபடி பார்த்தான். ஃபோர்க் கோணியிருக்கிறதா என்று பார்த்தான். இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்தான். டயரில் காற்றைப் பார்த்தான். தானே ஓட்டிப்போய்க் கையை விட்டான். வண்டி நேராகப் போனது. மச்சானை ஓட்டச் சொன்னான். அவர் கையை விட்டு, போதாததற்கு ஒரு பீடியும் பற்றவைத்துக்கொண்டு திரும்பி வந்தார். "எங்கம்மா என்னைத் தூக்கிட்டுப் போனதுகூட இவ்வளவு நேரா இருக்காது மாப்ள."

ஆய்வாளர் எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் திரும்பினார். இடது பக்கம். அதற்கு மறுநாளும் வந்தார். எதிர்வீட்டுக்காரர் கேட்டுக்கு முன்னால் இரண்டு சிமென்ட் தொட்டிகளை வைத்திருந்தார். அவற்றில் ஒன்று இப்போது இல்லை.

மூன்றாவது நாள் அவருடைய மகள் வந்தாள். ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். கையில் பையோடு, வேலைக்குப் போகிற அவசரத்தில், வெயிலில் நின்றபடியே பேசினாள்.

"அண்ணே, எனக்குச் சுத்திவளைச்சுப் பேசத் தெரியாது. நான் பாக்குற வேலையில 'இருக்கு', 'இல்ல', இந்த ரெண்டுல ஒண்ணுதான். வண்டியில தப்பு இருக்கா?"

"பாத்துக்கிட்டிருக்கேன்மா."

"அம்மா சொல்றாங்க, டம்ளரை இடது கையில குடுத்தா நழுவ விட்டுடறாராம். கேட்டா, டம்ளர் வழுக்குதுங்கிறாராம். டாக்டர்கிட்ட வாங்கன்னா, வண்டிக்குச் சளி புடிச்சா நான் எதுக்கு மருந்து சாப்பிடணும்ங்கிறார்." அவள் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டாள். "சனிக்கிழமை காலைல நாங்க எல்லாரும் வர்றோம். வண்டியில தப்பில்லன்னு நீங்க சொன்னா, சாவியை என்கிட்ட குடுத்துட்டு அன்னைக்கே டாக்டர்கிட்ட வர்றதா ஒத்துக்கிட்டிருக்கார்."

"சார் ஒத்துக்கிட்டாரா?"

"எழுதியே குடுத்திருக்கார். சீல் வெச்சு."

"தப்பு வண்டியிலன்னா?"

"அப்புறம் நான் வாயே தெறக்கக் கூடாதாம். அதையும் எழுதியிருக்கார்."

அவள் போனபின், அந்தப் பக்கம் லேத் நின்றது. "நல்லா மாட்டின மாப்ள" என்றது அரைச்சுவர். "வண்டி சரின்னு சொன்னா அந்தாளு காலி. வண்டி தப்புன்னு சொன்னா நீ காலி. இதுக்கு எங்க கிரீஸ் வெப்ப?"

வியாழக்கிழமை மெக்கானிக் ஆய்வாளருக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தான். "ஒரு ரவுண்டு போங்க சார், பின்னாடி இருந்து பாத்தாத்தான் தெரியும்" என்றான். தெரிந்தது. வண்டி இரண்டாவது கியரில் கிளம்பி, இரண்டாவது கியரிலேயே போய், இரண்டாவது கியரிலேயே முனகிக்கொண்டு திரும்பி வந்தது. கியர் போடும் இடது கால் மிதிமேல் வைத்த சாமான்மாதிரி அப்படியே இருந்தது. வலது கை ஹேண்டிலைப் பிடித்திருந்தது. இடது கை அதன்மேல் கிடந்தது. அவருடைய முதுகு, சுவரில் ஒரு பக்கம் ஆணி கழன்ற படம்போல, இடதுபுறம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அந்தப் பக்கமேதான் வண்டியும் போனது. அது தன்மேல் இருக்கிற மனிதர் சொல்வதை, பதினேழு வருடத்தில் முதல்முறையாக, ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்தது.

எத்தனை மாதமாக இப்படியோ. இவ்வளவு நாளும் அந்தக் குழிகள் அவரைப் பிடித்து நடுவில் நிறுத்திவைத்திருக்கின்றன.

"என்ன, பாத்தியா?" என்றார் ஆய்வாளர், இறங்கும்போது.

"பாத்தேன் சார். வண்டி இங்கயே இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை மதியம், பட்டறைகள் சாப்பாட்டுக்கு ஓய்ந்திருந்த நேரம், ஆய்வாளர் நடந்து வந்தார். சட்டைப் பையில் வழக்கமான பேனா இல்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, தன் சான்றிதழைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மெக்கானிக் காலி சாப்பாட்டு டப்பாவை மூடிக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"நீ என்ன சொல்லப் போற நாளைக்கு?"

"சார்... டாக்டர்கிட்ட ஒரு தடவ போய்ட்டு வாங்களேன். என்ன ஆயிடப் போகுது?"

"என்ன ஆயிடும்னு தெரிஞ்சவன்தான் போக மாட்டேன்ங்கிறான்." அவர் குரலில் ஆபீஸ் இல்லை. "எங்கண்ணனும் இப்படித்தான் போனார், ஒரு ஊசி போட்டுட்டு வந்துடலாம்னு. அப்புறம் அவரை ரெண்டு பேர் பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க."

மெக்கானிக் கைத்துணியை மடித்து வைத்தான்.

"ஒன்பது மணியானா வீட்டுல எல்லாரும் வேலைக்குப் போயிடறாங்க. வீட்டுக்காரி சமையல்கட்டுல இருக்கா. நான் எங்கயாவது போகணும்ல? கடைத்தெருவுக்குப் போவேன். தராசைப் பாப்பேன்." ஸ்டூலில் சற்று நகர்ந்து உட்கார்ந்தார். "இப்ப எல்லாம் எலக்ட்ரானிக். முள்ளே கிடையாது. நம்பர் வருது. அதுல குனிஞ்சு பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. இருந்தாலும் போய்ப் பாத்துட்டு வருவேன்."

வெளியே ஒரு லாரி பின்னோக்கி வந்து நின்றது. அதன் சத்தம் அடங்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"பழைய கப்பு இருக்கா?"

"அது குப்பை சார்."

"குப்பையில இருக்கா?"

மெக்கானிக் பழைய கப்புகள் கிடந்த டப்பாவைப் பார்த்துவிட்டான். பார்த்திருக்கக் கூடாது.

"நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லல" என்றார் ஆய்வாளர். குரலுக்குள் ஆபீஸ் மெல்லத் திரும்பி வந்தது. "என் சர்வீஸ்ல யாரையும் பொய் சொல்லச் சொன்னதில்ல. வண்டியைப் பழைய நிலைமைக்குக் கொண்டு வா. மக கேட்டா, தப்பு இருந்துச்சு, சரி பண்ணிட்டேன்னு சொல்லு. நீ மாத்தினதுக்கு அப்புறம்தானே தப்பு வந்துச்சு? இதுல எது பொய்?"

இரக்கப்பட்டுத்தான் அதற்கு ஒத்துக்கொண்டதாக மெக்கானிக் பின்னாளில் நினைத்துக்கொண்டான். இரக்கமும் இருந்தது. ஆனால் அவர் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவே இல்லை என்பதும், அடுத்த வண்டிக்காரர் வந்து நின்றுவிட்டார் என்பதும் அதைவிடப் பெரிய காரணங்கள்.

அன்று சாயங்காலம் மச்சான் பழைய கப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாப்ள, நான் முப்பது வருஷமா லேத் ஓட்டறேன். நல்ல பல்லைப் புடுங்கிட்டுச் சொத்தைப் பல்லைத் திரும்ப வெக்கச் சொல்ற முதல் ஆள் நீதான்."

"அடிங்க மச்சான்."

"எங்கயாவது போய் விழுந்துட்டார்னா?"

"ரெண்டாவது கியர்ல போறவர் எங்க போய் விழறது?"

"விழறதுக்கு நின்னாலே போதும்டா." ஆனாலும் அடித்தார். வழக்கமாகக் கப்பை இறக்கியதும் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பவர், இந்தத் தடவை பார்க்காமல் போய்விட்டார்.

மெக்கானிக் கிரீஸை இரண்டு மடங்கு அப்பினான். அப்படிக் குற்றத்தை மூடலாம் என்று நினைத்தவனைப்போல அப்பினான். குண்டுகள் ஒவ்வொன்றும் தன் பழைய பள்ளத்தைத் தேடிப்போய்ப் படுத்துக்கொண்டன. ஹேண்டிலைத் தட்டினான். நகர்ந்தது, யோசித்தது, நடுவுக்கு வந்தது. கிரீஸ் புதுசாக இருந்ததால் அந்த 'டக்' மட்டும் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டது.

சனிக்கிழமை பதினொரு மணி வெயிலில் மூவரும் வந்தார்கள். ஆய்வாளர் இஸ்திரி போட்ட சட்டையில், பையில் பேனாவோடு இருந்தார். சட்டையின் மேல் பொத்தான் ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தது. மனைவி வழியிலேயே அதைக் கவனித்துச் சரிசெய்யப் போனபோது அவர் அவள் கையைத் தட்டிவிட்டிருந்தார். மகள் ஷெட்டின் நிழலுக்குள் வந்து நின்றாள். ரோட்டில் தார் இளகி மினுங்கியது.

"சொல்லுங்கண்ணே. வண்டியில தப்பு இருந்துச்சா?"

மெக்கானிக் ஸ்பேனர் பலகையைப் பார்த்துப் பேசினான். "இருந்துச்சுமா. என் வேலையிலதான். இப்ப சரி பண்ணிட்டேன்."

"என்ன தப்பு?"

"கோன்செட்டு... சரியா உக்காரல."

அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

"கேட்டியா?" என்றார் ஆய்வாளர். அவருடைய மார்பு பழைய அளவுக்கு வந்தது. "தன் தப்பை ஒத்துக்கிறவன் பெரிய மனுஷன். அதனாலதான் இவனுக்குச் சான்று குடுத்தேன். நீயும் ரத்தம், சக்கரைனு..."

"ஓட்டிக் காட்டுங்கப்பா" என்றாள் மகள்.

அதற்காகத்தானே அவர் வந்திருந்தார். ஏறுவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எல்லோரும் வேறு எங்கோ பார்த்தார்கள். கிளம்பியது, இரண்டாவது கியரில். தெருவின் கோடியில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரை நோக்கி வண்டி முனகிக்கொண்டே போனது. பாதி வழியில் அவர் கைகளை எடுத்தார். வலது கை தோளுக்கு மேலே போனது. இடது கை தொப்பை வரைக்கும் வந்து அங்கேயே தங்கிவிட்டது. வண்டியோ, நூல் பிடித்ததுபோல, ஒரு அங்குலம் விலகாமல் போனது.

"பாரேன்" என்றாள் மனைவி, தன்னையறியாமல்.

டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் வளைவதுதான் பெரிய வேலையாக இருந்தது. குழியைவிட்டு வெளியே வர ஹேண்டிலுக்கு மனமில்லை. அவர் பீரோவை நகர்த்துகிறவர்போல அதை முக்கி முக்கித் திருப்பி, காலை ஊன்றி, தள்ளி, ஒருவழியாக வண்டியை இந்தப் பக்கம் பார்க்க வைத்தார். திரும்பி வரும்போதும் வலது கை மேலே போனது. ஷெட்டுக்கு முன்னால், நட்டநடு ரோட்டில் நிறுத்தி இறங்கி நின்றார்.

"இப்ப என்ன சொல்ற?" என்று மகளைக் கேட்டார்.

மகள் எதையோ தவறவிட்டவள்போல் வண்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மெக்கானிக் ஒரு நட்டை எடுத்துத் துடைத்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"ஒரு மனுஷன் நேரா இருந்தா" என்று ஆய்வாளர் ஆரம்பித்தார், "அவன் வண்டி நேரா இருக்கும். அவன் வீடு நேரா இருக்கும். அவன் ஆஸ்பத்திரிப் பக்கமே போக வேண்டியதில்ல. அந்தக் காலத்துல மொத்த வியாபாரக் கடை ஒண்ணுல..." அது நீளமான கதை. ஒரு வியாபாரி, ஒரு கள்ளத் தராசு, ஆய்வாளரின் ஒரு பார்வை. வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். மச்சான் சுவருக்கு மேலாகத் தலையை நீட்டிக் கேட்டார். மகள் நிழலுக்குள் நின்று கேட்டாள்.

கதை பாதியில் இருக்கும்போது மனைவி யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ரோட்டில் இறங்கி, டிரான்ஸ்ஃபார்மர் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். சேலைத் தலைப்பைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, வெயிலில், அவசரமில்லாமல் நடந்தாள்.

"எங்க போறா இவ?" என்றார் ஆய்வாளர். "நான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

மகள் அம்மா போவதைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து ரோட்டைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"அப்பா, நிழலுக்கு வாங்க. கால் சுடலையா?"

"எந்தக் கால்?"

அவள் நிழலைவிட்டு வெளியே வந்து கையை நீட்டினாள். "சாவியைக் குடுங்கப்பா."

"எதுக்கு? வண்டியிலதான் தப்புன்னு மெக்கானிக்கே சொல்லிட்டானே. டேய், நீ சொல்லேன்டா."

மெக்கானிக்கும் அதற்குள் பார்த்துவிட்டிருந்தான். கையிலிருந்த நட்டைக் கீழே வைத்தான்.

ஆய்வாளருடைய இடது செருப்பு டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் கிடந்தது. அந்த வெறுங்காலை அவர் இளகிய தாரில் ஊன்றி நின்று ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.